சகலைக்கு, பூக்கூடை இறங்கி ஏறிய விவகாரம் குறித்து

அன்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இரண்டாவது மாடியிலிருந்து உங்கள் மூத்த சகலை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால், நலமாக இருக்க முயன்றுகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களும், உங்கள் கிரேனும், நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் பாலமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்கு சிக்னல் வேண்டுமானால் கிரேன் உச்சிக்கு ஏறி உட்கார வேண்டும். எனக்கோ போனைக் கையில் எடுத்தாலே மேல் மாடியில் ஒரு காது, கீழ் மாடியில் ஒரு காது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரி, அதாவது என் மச்சினி, இந்த மாதக் கடைசியில் முதல் மாடி வீட்டைக் காலி செய்யப் போகிறாள். ஊரின் மறுகோடியில் வீடு பார்க்கும்படியும், இந்த வீட்டுக்கு ஆள் பிடிக்கும்படியும் தரகரிடம் சொல்லியாகிவிட்டது. உங்களிடம் 'இங்கே தண்ணீர் சரியாக வருவதில்லை' என்று சொல்லியிருப்பாள். தண்ணீர் அருமையாக வருகிறது. காரணம் தண்ணீர் இல்லை, பெட்டூனியா.

சிரிக்காதீர்கள், சகலை. இந்தப் பெட்டூனியாப் பூச்செடியை என் வீட்டுக்காரி எங்கள் கூடத்து ஜன்னல் தொட்டியில் வைத்தாள். அதிலும் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கிற ஜாதியை வாங்கவில்லை. படர்ந்து, விளிம்பைத் தாண்டி, கீழே கீழே என்று தொங்குகிற ஜாதி. ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூத்துத் தள்ளியது, தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், என் வீட்டுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை, அது இறங்கி இறங்கி உங்கள் வீட்டு ஜன்னலில் பாதியை மூடிவிட்டது, அது போதாதென்று வாடின பூ ஒவ்வொன்றும் பிசுபிசுவென்று உதிர்ந்து உங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் ஒட்டிக்கொண்டது. போன முறை லீவில் வந்தபோது உங்கள் வெள்ளைச் சட்டை முதுகில் ஊதாக் கறை இருந்ததே, நீங்கள் பேனா மை என்று நினைத்தீர்களே, அது இதுதான். என் மச்சினி முதலில் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அக்கா, பட்டப்பகல்ல லைட் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உன் செடியைக் கொஞ்சம் மேல இழுத்துக் கட்டேன்."

"பூ தேடி வந்து உன் ஜன்னல்ல எட்டிப் பார்க்குது. அதுக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும்டி."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கிறது, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் முடிவெட்டிக்கொண்ட பையன் தலை மாதிரி. கீழே உங்கள் வீட்டுக்காரி கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல். அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாக எழுதினால் தபால்தலை போதாது. "என் ஜன்னலுக்கு முன்னாடி தொங்குறது என்னுது" என்றாள் இவள் தங்கை. "வேர் யார்கிட்ட இருக்கு?" என்றாள் இவள். "வேரை வெச்சிருக்கிறவ பூவையும் சேர்த்து வெச்சுக்க வேண்டியதுதானே, ஏன் என் வீட்டுக்கு அனுப்புறே?" "கூடப்பிறந்தவளே கத்தரிக்கோலைத் தூக்கிட்டா, ஊரான் என்னதான் செய்ய மாட்டான்?" நடுவில் நான் போய், "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டின இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கிளை விட்டு, முன்பைவிட அடர்த்தியாகப் பூத்துவிட்டது. நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் அந்தச் செடி குஷியாகுமாம். இதை நான் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அது நான் ஊத்தின உரத்தண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை அடியோடு நின்றுவிட்டது. பேச்சு நின்றதே தவிர செய்தி நிற்கவில்லை, எல்லாம் என் முழங்கால் வழியாகப் போய்வந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே செய்தித்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். "கீழ இருக்கிறவங்ககிட்ட பேப்பரைக் கொடுத்துடுங்க." கீழே போனால், "மேல இருக்கிறவங்க நடுப்பக்கத்தை வெச்சுக்கிட்டாங்க, வாங்கிட்டு வாங்க அத்தான்." மேலே வந்தால், "நான் இன்னும் படிக்கலைன்னு சொல்லுங்க." வாழ்நாள் பூராவும் ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான், கடைசியில் லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நானே லிஃப்டாகிவிட்டேன். மேலும் கீழும் போனது பெரிதில்லை. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லையா?

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரி, 'இனிமேல் யார் ஜன்னலுக்கும் என் செடி போகாது' என்று வீம்பாகச் செடிகளைப் பிடுங்கி, பால்கனியில் தொங்கவிடும் கம்பிக் கூடைக்கு மாற்றினாள். தேங்காய் நார் பரப்பி, மண் போட்டு, பெரிய கூடை. அவளுக்கு வலது தோள் தூக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும், நான்தான் கொக்கியில் மாட்டினேன். தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெயில் காலத்தில் விட்டால் மத்தியானத்துக்குள் துவண்டு போய்விடும். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, இடது கையால் குவளையைத் தூக்கி, பாதியைச் செடிக்கும் பாதியைத் தன் தலைக்கும் ஊற்றிக்கொள்வதைப் பார்த்தேன். 'நான் ஊற்றுகிறேன்' என்றால் விடமாட்டாள். நான் ஊற்றினால் குளிப்பாட்டுவது போல இருக்கிறதாம். சரி, நமக்குத் தெரிந்த தொழில் எதற்கு இருக்கிறது என்று கப்பியை எடுத்தேன்.

நீங்களும் தூக்கும் தொழில், நானும் தூக்கும் தொழில். மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும். பால்கனிக் கூரையில் இரண்டு கப்பி, அதன்மேல் ஒரே கயிறு. கயிற்றின் ஒரு முனையில் கூடை, கம்பித் தடுப்புக்கு வெளியே தொங்கும். மறுமுனையில் எதிர்எடை, ஒரு கான்வாஸ் பையில் என் பழைய நட்டும் போல்ட்டும். விரலால் தொட்டால் இறங்கும், விரலால் தொட்டால் ஏறும், தோளைத் தூக்கவே வேண்டாம். எதிர்எடை எவ்வளவு என்று கணக்கிட்டதுதான் என் சாமர்த்தியம். லிஃப்டுக்கு எப்படி வைப்போம்? காலிப் பெட்டியின் எடையோடு, ஆள் ஏறினால் வரும் எடையில் பாதி. அதே மாதிரி, காய்ந்த கூடையின் எடையோடு அது குடிக்கும் தண்ணீரில் பாதி. கூடையை ஆள் எடை பார்க்கும் தராசில் வைத்து, துளி பிசகாமல் செய்தேன். ஒரே ஒரு சாமானை மட்டும் வைக்கவில்லை. பூச்செடிக்கு எதற்கு பிரேக் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றினாள். கூடை ஒரு கணம் யோசித்தது. பிறகு, ராணி மாதிரி நிதானமாக, அவள் கண்ணெதிரே கீழே இறங்கிப் போய்விட்டது. மறுபக்கம் என் நட்டு போல்ட்டுப் பை கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. "ஏங்க! கூடை போகுதுங்க!" என்று அலறினாள். போகட்டும் என்று விட முடியுமா? போன இடம் எது? நேராக உங்கள் வீட்டு ஜன்னல். அங்கே உங்கள் வீட்டுக்காரி தலைவாரிக்கொண்டிருந்தாளாம். கீழேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது பாருங்கள், நான் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். போய்ப் பார்த்தால் ஒரு கையில் விளக்குமாறு, முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர், பேச்சே வரவில்லை அவளுக்கு. அவ்வளவு கோபம். "அத்தான்... அக்காகிட்ட... சொல்லி வைங்க" என்றாள், அதற்குமேல் முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு மனசே சரியில்லாமல் போய்விட்டது, சகலை.

அன்றே கயிற்றைக் குறுக்கிக் கட்டியிருப்பேன். ஆனால் சாயங்காலம் ஒன்று நடந்தது. பகலெல்லாம் வெயிலில் மண் காய்ந்து எடை குறைய, கூடை தானாகவே மெள்ள மெள்ள மேலே ஏறி வந்தது. வந்த கூடையைப் பார்த்தால், வாடின பூ ஒன்றுகூட இல்லை! எல்லாவற்றையும் காம்போடு கிள்ளி, நுனிகளையும் அளவாகக் கிள்ளி, யாரோ சீவிச் சிங்காரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

"யாருங்க கிள்ளினது?" என்றாள் என் வீட்டுக்காரி.

"காத்தா இருக்கும்."

"காத்து காம்போட பார்த்துக் கிள்ளுமா?"

"நல்ல காத்தா இருந்தா கிள்ளும்" என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் எனக்குள் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. மனிதர்கள் போக மாட்டேன் என்கிறார்கள், கூடை போகிறது. கூடை போய்வரட்டும், பாசம் தானாக வரும். ஆகவே பிரேக் வைக்கும் யோசனையைத் தள்ளிப்போட்டேன். அன்றைக்கே என் வீட்டுக்காரியிடம், "நீ கவலையை விடு, உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெக்கிறது என் பொறுப்பு" என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கையில்லை போலிருக்கிறது.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை. காலையில் கூடை இறங்கியதா, எங்கே நின்றது, சாயங்காலம் எப்போது வந்தது, என்ன நிலைமையில் வந்தது என்று பார்ப்பதே பெரிய வேலை. மத்தியானம் உங்கள் வீட்டுக்காரி இரக்கப்பட்டு இன்னொரு குவளை ஊற்றிவிட்டால் அன்று கூடை திரும்பாது, பிறந்தகத்தில் தங்கிவிட்ட பெண் மாதிரி அங்கேயே கிடக்கும். ஒரு நாள், அக்கா கொடுத்தனுப்பியது போல இருக்கட்டுமே என்று, பூவுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்தேன். பிஸ்கட்டின் எடையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். அந்தக் கனத்தில் கயிற்று முடிச்சு நழுவி நீண்டு, கூடை முதல் மாடியில் நிற்காமல் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் ஜன்னல்வரை போய்விட்டது. அங்கே நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவர், வானத்திலிருந்து பூ இறங்குவதைப் பார்த்து, ஊசி மருந்து அதிகமாகிவிட்டது என்று பயந்து எழுந்து ஓடியிருக்கிறார். டாக்டர் மேலே வந்து, "சார், பல் பிடுங்கறதுக்கு முன்னாடி பூ போடாதீங்க, தப்பா நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பல்லுக்குக் கெடுதலாம்.

இந்த இரத்த பந்தம் என்பது சாதாரணமில்லை, சகலை. பேசிக்கொள்ளாவிட்டாலும் இரண்டு பேர் மூளையும் ஒரே மாதிரி ஓடுகிறது. போன வாரம் எனக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, மேலே என் வீட்டுக்காரி சர்க்கரை போடாமல் தேநீர் கொடுத்தாள். சரி, கீழே போய்க் குடிக்கலாம் என்று போனால், அங்கேயும் சர்க்கரை இல்லை! யார் சொல்லியிருப்பார்கள்? யாரும் இல்லை. அதுதான் இரத்தம். ஆனால் என் வீட்டுக்காரியைத்தான் பாருங்கள். மத்தியானத்தில் நான் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் பால்கனியில் தனியாக நின்று, கம்பித் தடுப்பில் சாய்ந்து, கீழே குனிந்து பேசிக்கொண்டிருக்கிறாள். சில நேரம் சிரிக்கவும் செய்கிறாள். நான் எழுந்து போய், "யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கே?" என்றால், "செடிகிட்ட. பேசினா நல்லா வளருமாம்" என்கிறாள். தங்கையோடு பேச முடியாத ஏக்கத்தில் பெட்டூனியாவோடு பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

இத்தனை பாடுபட்டும், போன செவ்வாய்க்கிழமை எல்லாம் பாழாகிவிட்டது, அதுவும் என் கையாலேயே. தரகர் உங்கள் வீட்டைக் காட்ட ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கீழே அவர் குரல் கேட்டதுமே நான் ஒரு திட்டம் போட்டேன். அவர் ஜன்னலைத் திறந்து 'நல்ல வெளிச்சம்' என்று சொல்லும் நேரம் பார்த்துக் கூடையை இறக்கினால் வீடு இருட்டாகிவிடும், வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். என் வீட்டுக்காரி குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாளித் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "இந்த ஜன்னலைப் பாருங்க, காத்தும் வெளிச்சமும்..." என்று தரகர் ஆரம்பித்ததுதான் தாமதம், வாளியைக் கவிழ்த்தேன். கூடை போய் நின்றது. சகலை, அன்றைக்கென்று பார்த்து அது அப்படிப் பூத்திருந்தது. ஜன்னல் முழுக்க ஊதாத் திரை. அந்த அம்மாள், "ஐயோ, எவ்வளவு அழகு! இது வீட்டோட சேர்த்து வருதா?" என்று கேட்டாள். தரகர் பிழைக்கத் தெரிந்த மனிதர். "தினமும் காலையில வரும்மா" என்றார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரியை இந்த வீட்டில் நிறுத்தி வைக்கப் போராடினவன், நானே அந்த வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

பால்கனியிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். வீடு காலியானால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பேப்பர் கொண்டுபோக வேண்டாம், முழங்கால் வலிக்காது, கூடைக்குக் காவல் இருக்க வேண்டாம். நிம்மதிதானே? எனக்கென்னவோ நிம்மதியாகவே இல்லை. அக்காவும் தங்கையும் ஒரு படிக்கட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் என்றைக்காவது பேசிவிடுவார்கள் என்று நம்பலாம். ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டால் அது அப்படியே நின்றுபோகும்.

ஆகவே, கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எது வந்தாலும் பேனாவைத் தொடாதீர்கள். எப்படியாவது நாலு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து சேருங்கள். பாலம் எங்கும் ஓடிப்போகாது. தனி ஆளாக என்னால் இந்தச் சுமையைத் தூக்க முடியவில்லை, நாம் இரண்டு சகலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் தூக்கிவிடலாம். நீங்கள் உங்கள் வீட்டுக்காரியை மேலே அழைத்து வாருங்கள், நான் என் வீட்டுக்காரியை உட்கார வைத்திருக்கிறேன். நடுவில் கூடையை வைப்போம். பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன், முன்னதாகவே எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் கயிறு தேயாமலும், கொக்கி நழுவாமலும், கீழே நிற்பவர்கள் தலை தப்பியும், நீங்கள் எடுத்த பாரத்தையெல்லாம் பத்திரமாக இறக்கி வைத்து நீண்ட நாள் வாழ ஆசி கூறும்,

உங்கள் மூத்த சகலை.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும்படி என் வீட்டுக்காரியிடம் கொடுக்கிறேன், முழங்கால் இன்று ஒத்துழைக்கவில்லை. பயப்படாதீர்கள், உறையை நன்றாகப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். உள்ளே இருப்பது பாலத்துக்கான எதிர்எடைக் கணக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: தம்பி, இது நான் எழுதுவது. பசை அப்படியொன்றும் நன்றாக ஒட்டவில்லை, கெட்டில் ஆவியில் காட்டியதும் திறந்துகொண்டது. நீங்கள் லீவு போட்டு அலறியடித்துக்கொண்டு வர வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நானும் உங்கள் வீட்டுக்காரியும் கூடை இறங்கிய முதல் நாளே பேசிவிட்டோம். அது நேராக அவள் முகத்துக்கு எதிரே போய் நின்றதும் அவள் போட்ட கூச்சலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் சிரித்ததைக் கேட்டு அவளும் சிரித்துவிட்டாள், இவர் படியிறங்கி அங்கே போய்ச் சேருவதற்குள் சண்டை முடிந்துபோயிற்று. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது சிரிப்பை அடக்கத்தான். தரகரிடம் முன்பு சொல்லி வைத்ததை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தாள். அந்தத் தம்பதி வந்துபோன மறுநாளே வீடு காலி இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் இவரிடம் அன்றைக்கே சொல்லியிருப்போம். ஆனால் அன்று சாயங்காலம் என் எதிரே நின்று, 'உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெக்கிறது என் பொறுப்பு' என்று சொன்னாரே, அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை, தம்பி. இப்போது பசிக்கிறது என்கிறார், தூங்குகிறார், என்னோடு வாய் ஓயாமல் பேசுகிறார். அதனால்தான் நானும் தங்கையும் சண்டையை அப்படியே வைத்திருக்கிறோம். உங்கள் வாயில் எதுவும் தங்காது என்று உங்கள் வீட்டுக்காரி உங்களிடமும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வாருங்கள். இவர் மனப்பாடம் செய்ததை முழுவதும் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுங்கள், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். நாங்கள் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, கொஞ்சம் அழுது, இவருக்காகச் சமாதானமாகிவிடுவோம். யார் அழுவது, யார் முதலில் பேசுவது என்று முடிவு செய்துவிட்டோம். அதற்குப் பிறகு இவருக்கு என்ன வேலை கொடுப்பது என்றுதான் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு வாருங்கள்.